சத்தம் ஒன்று, முகம் இரண்டு

புது நூலகத்தைத் திறந்து வைத்த மேயர், மைக்கைப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக "குட் மார்னிங்" என்றார். அடுத்த நொடி, நேரலையில் அவர் கழுத்துக்குக் கீழே ஓடிய ஆங்கில சப்டைட்டில், "இனிய துக்கம்" என்று ஊருக்கே வாழ்த்துச் சொன்னது.

தப்பு மேயருடையது அல்ல, கமாவுடையது.

ஆங்கிலத்தில் காலைக்கும் துக்கத்துக்கும் ஒரே சத்தம். துக்கத்தின் நடுவில் மட்டும் ஒரு எழுத்து கூடுதலாக, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்து அன்று காலைக்குள் புகுந்துகொண்டது.

காது கேளாதவர்களுக்காகப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் கம்பெனியில் கமாவுக்கு வேலை. கண்ணாடி வைத்த, சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பாள். அதற்குக் கம்பெனியில் கூண்டு என்று பெயர். ஹெட்போனில் மேடைப் பேச்சு வரும். அதை வார்த்தைக்கு வார்த்தை, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் திருப்பிச் சொல்வாள். கம்ப்யூட்டர் அவள் குரலை எழுத்தாக்கித் திரைக்கு அனுப்பும். மேடையில் இருப்பவர் பேசுவதைக் கம்ப்யூட்டர் நேரடியாகவே கேட்கக்கூடாதா என்றால், அவருடைய இருமலும் மண்டபத்தின் எதிரொலியும் சேர்ந்து அதைக் குழப்பிவிடும். பழகிய ஒரே குரல் என்றால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்.

நிறுத்தக்குறிகளையும் வாயால்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், "சாப்பாடு ரெடி கமா கை கழுவிட்டு வாங்க ஃபுல்ஸ்டாப்" என்று கணவனைக் கூப்பிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அன்று சிரித்த சிரிப்பில் பிறந்த பெயர்தான் கமா. மாமியார் வீட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

மேயருக்குத் துக்கம் சொன்ன அன்று மாலை, மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். யார் பேசினாலும் "கொஞ்சம் மெதுவா" என்று கையைத் தாழ்த்திக் காட்டுகிறவர் என்பதால் அவருக்கு டெசிபல் சார் என்று பெயர்.

"கமா, உங்க வேகம் நல்லா இருக்கு. காது நல்லா இருக்கு. ஆனா இந்த ஒரே மாதிரி கேக்குற வார்த்தைங்க வந்தா மட்டும் வழுக்கி விழுந்துடறீங்க. போன வாரம் பூ விக்கிற கடைய மாவு விக்கிற கடைன்னு போட்டீங்க. இன்னிக்கு மேயர்."

"சார், கம்ப்யூட்டர்தான் தப்பா எடுத்துடுது..."

"அதுக்கு எந்த மார்னிங்னு தெரியுமா? நீங்கதான் சொல்லணும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை பெரிய மண்டபத்துல திமிங்கலத்தப் பத்தி ஒரு லெக்சர். நான் கூண்டுக்கு வெளிய நின்னு தப்பு எண்ணுவேன். எல்லை தாண்டிச்சுன்னா கூண்டு வேற ஆளுக்குத்தான். எனக்கும் மேல இருந்து உத்தரவு."

கமாவுக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அது கேட்காத இன்னொருவருக்கு அவள் வாய் வழியாகப் போய்ச் சேர்கிறதே, அந்தச் சுகம் வேறெந்த வேலையில் கிடைக்கும்?

சத்தம் ஒன்றாக இருக்கும் சொற்களுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சமாளிப்பது இந்தத் தொழிலில் வழக்கம். "இந்தச் சத்தம் வந்தால் இந்தச் சொல்லைப் போடு" என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவிடலாம். கமாவும் வைத்திருந்தாள். கடலுக்கு 'ஸீ ஒன்று', பார்ப்பதற்கு 'ஸீ இரண்டு'. பிரச்சினை என்னவென்றால், பேச்சு பறக்கும் வேகத்தில் ஒன்று எது, இரண்டு எது என்று அவளுக்கே மறந்துவிடும்.

வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தால், அங்கே நாத்தனார் டிவி முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவனின் தங்கை. பிறவியிலேயே காது கேளாதவள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் ஈறு வார்த்து, அதில் பல்லைப் பதித்து, சிரிக்க மறந்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து அனுப்புவாள். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பல்லழகி. வீட்டில் எல்லோரும் அவளோடு கைமொழியில் பேசுவார்கள். கமா கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டாள். இன்னும் கை கொஞ்சம் திக்கும்.

டிவியில் நூலகத் திறப்பு விழா மறுஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. பல்லழகி அந்தத் துக்கத்தில் திரையை நிறுத்தி வைத்திருந்தாள்.

கமாவுக்குச் சுருக்கென்றது. இது முதல் தடவை இல்லை. கமாவின் ஒவ்வொரு தப்புக்கும் இவள் இப்படித்தான் சிரிப்பாள். சில நேரம் திரும்ப ஓட்டிக்கூடப் பார்ப்பாள்.

கமா கைப்பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, கைகளை வேகமாக அசைத்தாள். "சிரி, நல்லா சிரி! வெள்ளிக்கிழமையோட உனக்கு இந்தச் சிரிப்பும் கிடைக்காது. என்னைத் தூக்கிடுவாங்க."

பல்லழகியின் சிரிப்பு நின்றது. "ஏன்?"

"ஏனா? இதுக்குத்தான்!" கமா திரையைக் காட்டினாள்.

"அண்ணி, நான் உங்களப் பாத்துச் சிரிக்கல."

"சும்மா காதுல பூ சுத்தாத."

"சுத்தினாலும் எனக்கென்ன தெரியப் போகுது?" என்று கையாலேயே பதில் சொன்னவள், கமாவை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கடையில் வாங்க வேண்டிய சாமான்களை எழுதுவதற்காக ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மார்க்கர் பேனா தொங்கும். அதை எடுத்து, வெள்ளைக் கதவில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை அருகருகே எழுதினாள். காலை, துக்கம்.

"இது ரெண்டும் உங்களுக்கு ஒரே சத்தமா?"

"ஆமா."

"கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லையா? மூக்குல, தொண்டையில, எங்கயும்?"

"இல்ல. அச்சு அசல் ஒண்ணு."

பல்லழகி கைகொட்டினாள். "அப்ப நான் நெனச்சது சரி!"

பிறகு அவள் கை நிற்கவில்லை. ஜோடி ஜோடியாகக் கதவில் இறங்கின. சூரியனும் மகனும். கடலும் பார்ப்பதும். இரவும், கவசம் போட்ட குதிரைவீரனும். பூவும் மாவும். முழுசும் ஓட்டையும். வாலும் கதையும். ஒவ்வொரு ஜோடிக்கும் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். கமா தலையாட்ட ஆட்ட, அவள் முகத்தில் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டது போல வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் கமா இல்லை என்றாள்.

"ஆனா நீங்க இத மாத்திப் போட்டீங்களே. மழை பெய்ஞ்ச அந்த வாரம்?"

கமா யோசித்தாள். அந்த வாரம் அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. "அது சத்தத்தோட தப்பு இல்லடி. சளியோட தப்பு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் கமாவுக்கு உறைத்தது. ஃபிரிட்ஜ் கதவின் மேல் விளிம்பிலிருந்து காய்கறிக் கூடையின் உயரம் வரை நிரம்பியிருந்த சொற்களை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது? பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

"அர்த்தமும் எழுத்தும்தான் சொல்லிக் குடுத்தாங்க. எது எது மாதிரி கேக்கும்னு எனக்கு யாரு சொல்லுவா? எனக்குச் சூரியன் வேற, மகன் வேற. எழுத்துல ஒட்டும் இல்ல, உறவும் இல்ல." பல்லழகி மார்க்கரை மூடினாள். "உங்க தப்புலேர்ந்துதான் அண்ணி கண்டுபிடிச்சேன். கடல்னு வர வேண்டிய இடத்துல 'பார்'னு வந்தா, அந்த ரெண்டும் உங்க ஆளுங்க காதுல ஒண்ணா இருக்கணும். ஒவ்வொரு தப்பு வரும்போதும் ஒரு கதவு தொறக்கும். அந்தச் சந்தோஷத்துலதான் சிரிப்பு வருது."

கமா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

போயே இராத ஒரு ஊரின் தெருக்களை, அங்கே வழி தவறியவர்கள் எங்கெங்கே தவறினார்கள் என்பதை மட்டுமே வைத்து ஒருத்தி வரைந்திருக்கிறாள். கிட்டத்தட்ட முழு ஊரையும் வரைந்துவிட்டாள். அவ்வளவையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, காலையில் எழுந்து பல் செய்யப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள். தினமும் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தும், கமாவுக்கு இது தெரியவில்லை. இந்தக் கண்களுக்குள் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது!

"எனக்கும் இதே மாதிரி உண்டு," என்றாள் பல்லழகி. "உதட்டப் பாத்துத்தானே நான் புரிஞ்சுக்கறேன். 'அம்மா' சொல்லுங்க. 'அப்பா' சொல்லுங்க. சத்தம் போடாம, மெதுவா."

கமா ஃபிரிட்ஜின் பக்கவாட்டுப் பளபளப்பில் தன் உதட்டைப் பார்த்தபடி சொல்லிப் பார்த்தாள். அம்மா. அப்பா. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி திறந்தது. இத்தனை வருஷம் இந்த வாயை வைத்துக்கொண்டு இதைக் கவனித்ததே இல்லை.

"பள்ளிக்கூடம் போற வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னுதான் நெனச்சேன். அதாவது பரவால்ல. 'மாமா'வும் 'பாப்பா'வும் ஒண்ணுதான். பெரிய மாமா அந்த மீசையோட வருவாரு, எல்லாரும் அவரப் பாப்பா பாப்பான்னு கூப்பிடுவாங்க. இவ்வளவு பெரிய பாப்பாவ யாரு தூக்கி வளத்தாங்கன்னு எனக்கு ஒரே கவலை."

சிரிப்போடு சிரிப்பாக, கமா மார்க்கரை வாங்கினாள். இரவுக்கும் குதிரைவீரனுக்கும் கீழே தமிழில் எழுதினாள். நைட். நைட்.

பல்லழகி கிட்டே போய்ப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இதுவரை ஊகமாக இருந்தது இப்போது கண்ணெதிரே நின்றது. அவள் அந்த எழுத்துகளை விரலால் தொட்டாள்.

"அப்ப வீரனுக்கு முன்னாடி நிக்கிற அந்த 'கே' எதுக்கு?"

"சும்மா உக்காந்திருக்கு. யாரும் சொல்ல மாட்டாங்க."

"கல்யாண வீட்டுல பெரிய மாமா மாதிரி. ஒரு வேலையும் செய்ய மாட்டாரு, ஆனா முன்வரிசையில அவரு இருக்கணும்."

அப்புறம் அவள் ஒன்று கேட்டாள். கமாவின் தொண்டையில் உள்ளங்கையை வைத்து, கடலைச் சொல்லச் சொன்னாள். கமா சொன்னாள். பார்ப்பதைச் சொல்லச் சொன்னாள். சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி சொல்ல வைத்தாள். கைக்கு அடியில் ஒரே அதிர்வு. வெறும் ஒரு நடுக்கம். அதற்குள் ஒரு கடலும் ஒரு பார்வையும் அடங்கிக் கிடந்தன. கண்ணைத் திறந்தபோது பல்லழகியின் இமை ஈரமாக இருந்தது.

"இவ்வளவு சின்ன இடத்துக்குள்ள எப்படி அண்ணி ரெண்டும் இருக்கு? உங்க ஆளுங்க எப்படிப் பிரிச்சுப் புரிஞ்சுக்கறீங்க?"

கமாவுக்கு, தான் காலம் பூராவும் செய்துவரும் காரியம் திடீரென்று வித்தையாகத் தெரிந்தது.

தண்ணீர் எடுக்க வந்த லிஃப்ட் மெக்கானிக், கதவைப் பார்த்து நின்றுவிட்டான். "என்ன இது? ஒரு பாட்டில் தண்ணிக்குப் பரீட்சை எழுதணுமா?"

"உங்க பொண்டாட்டிக்குத்தான் பரீட்சை," என்ற கமா, ஸீ ஒன்று, ஸீ இரண்டு கதையை இருவரிடமும் சொன்னாள்.

பல்லழகி முகத்தைச் சுளித்தாள். "ஜெயில் கைதிக்கு வெக்கிற மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் வெச்சா மறக்கத்தான் செய்யும். அதுங்களுக்குச் சத்தம்தானே ஒண்ணு? அர்த்தம் வேறதானே? அர்த்தத்தச் சொல்லிக் கூப்பிடுங்க. தமிழ்ல."

கமா அவளையே பார்த்தாள். கடல் என்று சொன்னால் ஆங்கிலக் கடலை எழுது. பார்வை என்று சொன்னால் பார்ப்பதை எழுது. கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குச் சத்தம்தான் தெரியும்.

"வால்?" என்றாள்.

"வேணாம்," என்றான் கணவன். "வால்னா இங்கிலீஷ்ல சுவர். திமிங்கலத்துக்குப் பின்னாடி சுவர் கட்டிடுவ."

"அப்ப வாலுக்கு நாய்க்குட்டி," என்றாள் பல்லழகி.

வெள்ளிக்கிழமைக்குள் கம்ப்யூட்டர் கடல், பார்வை, நாய்க்குட்டி, ஓட்டை, துக்கத்துக்கு ஒப்பாரி, கேட்பதற்குக் காது எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் பல்லழகி. மேடைக்கு மேலே சினிமாத் திரை அளவுக்குச் சப்டைட்டில் திரை. மேடையின் இரண்டு பக்கமும் பீரோ உயரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகள். மண்டபத்தின் பின்சுவரோடு ஒட்டிய கூண்டில் கமா. வெளியே டெசிபல் சார், ஒரு காதில் கமாவின் குரலும் மறு காதில் மேடைப் பேச்சுமாக, தப்பு எண்ணும் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திமிங்கல ஆராய்ச்சிக்காரி, நரைத்த முடியைக் கொண்டை போட்டவர், கடல் போலவே நிதானமாகப் பேசினார். கமா ஆரம்பித்தாள்.

"இன் த கடல் கமா யூ கேனாட் பார்வை ஃபார் ஃபுல்ஸ்டாப்."

டெசிபல் சாரின் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது. கண்ணாடியைத் தட்டப் போனார்.

"த வேல் லிஃப்டட் இட்ஸ் நாய்க்குட்டி ஃபுல்ஸ்டாப்."

உள்ளே ஒருத்திக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே அவர் நினைத்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். திமிங்கலம் தன் வாலை உயர்த்தியது என்று சுத்தமான ஆங்கிலத்தில், எழுத்துப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கூண்டைப் பார்த்தார். மறுபடி திரை. தட்டப் போன கை கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது.

ஊரெல்லாம் தமிழில் இங்கிலீஷைக் கலந்து பேசுகிறார்கள். கமா இங்கிலீஷில் தமிழைக் கலந்து பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேர்த்தது, ஆனால் வழுக்கவில்லை. அர்த்தம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது.

கடைசியில் ஆராய்ச்சிக்காரி ஸ்பீக்கர்களைக் காட்டினார். பெரிய திமிங்கலங்களின் குரல் மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்வானது. வழக்கமாக வேகத்தைக் கூட்டித்தான் போட்டுக் காட்டுவார்கள். இன்று அப்படியே, உள்ளது உள்ளபடி போடப்போகிறேன் என்றார். அதன் பிறகு அவர் சொன்ன வரியில், கமா பயந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே வந்தன. 'இங்கே' என்பதற்கும் 'கேட்பது' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சத்தம்.

"நோபடி இங்கே வில் காது இட் ஃபுல்ஸ்டாப்."

இங்கே இருக்கும் யாருக்கும் இது கேட்காது. திரையில் இரண்டு சொல்லும் அதனதன் முகத்தோடு வந்து நின்றன.

மண்டபம் அமைதியானது. கமா ஹெட்போனை அழுத்திக்கொண்டாள். ஒன்றுமில்லை. எதிரே ஜனங்கள் காதருகே கையைக் குவித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் காது இருந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை.

கமாவின் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரில் வளையம் வளையமாக நீர் நடுங்கியது.

மூன்றாவது வரிசையில் பல்லழகி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் பதித்திருந்தாள். முன்சீட்டின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளும். மெதுவாகத் திரும்பி, கூண்டைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்குதா அண்ணி?"

கமா இல்லை என்று தலையசைத்தாள்.

பல்லழகி கையை நெஞ்செலும்பின் மேல் வைத்துக் காட்டினாள். இங்கே வருகிறது. அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கமாவுக்கு மைக், தேர்வு, டெசிபல் சார் எல்லாமே மறந்துபோயின. 'உடம்பெல்லாம்' என்று அவளைப் பார்த்து உதடு மட்டும் அசைய, கடைசிச் சொல் சத்தமாகவே வெளியே வந்துவிட்டது.

"காது."

மாபெரும் திரையில் அந்த ஒற்றைச் சொல் வந்து நின்றது. ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல், புள்ளிகூட இல்லாமல். கேள்.

மண்டபம் அதைப் படித்தது. குவிந்திருந்த கைகள் காதிலிருந்து இறங்கின. முன்வரிசையில் ஒருவர் தயக்கமாக நாற்காலிக் கையில் உள்ளங்கையை வைத்தார். பக்கத்திலிருந்த பெண் குனிந்து ஷூவைக் கழற்றினாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. கண்களை மூடியவர்கள், சுவரில் முதுகைச் சாய்த்தவர்கள், தரையைத் தொட்டவர்கள். மேடையில் நின்ற ஆராய்ச்சிக்காரி திரும்பித் திரையைப் பார்த்து, அப்படியே நின்றார். எங்கோ ஆழத்தில் என்றோ கூப்பிட்ட ஓர் உயிர், இத்தனை பேரின் எலும்புக்குள்ளும் மெதுவாக நடந்துபோனது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு டெசிபல் சார் கூண்டைத் திறந்தார்.

"அந்த ஒத்தை வார்த்தை," என்றார். "அவங்க சொல்லல. நீங்க சொன்னீங்க."

"ஆமா சார். தப்புதான்."

"தப்புன்னுதான் எண்ணியிருக்கேன். ரூல் ரூல்தான்." கருவியைச் சட்டைப்பையில் போட்டார். "அதையும் சேர்த்தே எல்லைக்குள்ளதான் இருக்கீங்க. திங்கக்கிழமை காலையில மேயர் மறுபடி பேசறாரு. கூண்டு உங்களுதுதான். இந்தத் தடவை அவரு காலை வணக்கம்தான் சொல்லணும், சரியா?"

அவர் திரும்பி நடந்தபோதுதான் கமா பார்த்தாள். காலில் வெறும் சாக்ஸ். ஷூ இரண்டும் கையில் இருந்தன.

பல்லழகி உள்ளே வந்தாள். கூண்டுக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. பஞ்சு வைத்த சுவரைத் தட்டிப் பார்த்தாள். "சத்தமே வராத ரூமுன்னு இதையா இவ்வளவு பெருசா சொன்னீங்க? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

கமா சிரிக்க முயன்றாள். முடியவில்லை, கண் தளும்பியது.

பல்லழகி டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் இப்போது அசையாமல் இருந்தது. "அண்ணி, அந்தத் திமிங்கலம் கூப்பிட்டது இன்னொரு திமிங்கலத்துக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும். ரொம்ப தூரத்துல இருந்தாலும் கேக்குமாம்."

பல்லழகி இரண்டு கைகளையும் அகல விரித்து, மண்டபம், கூரை, அதற்கு அப்பாலும் சுட்டிக் காட்டினாள்.

"அப்ப நமக்குக் கேக்காதது இன்னும் எவ்வளவு இருக்கும், இல்ல?"

கமா குனிந்து, தன் செருப்பின் வாரைக் கழற்றினாள். நாத்தனார் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றாள்.